ஒஸ்வால்ட் கங்காணி போட்ட கிறவல் பாதை

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் அந்த நாட்களில் சூசைப்பிள்ளை ஒஸ்வால்ட் வீடு எது என்று விசாரித்தால் ஆட்கள் சற்று யோசிப்பார்கள். ரோட்டுக் கங்காணி ஒஸ்வால்ட் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டி வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். முனிசிப்பல் ரோட்டு வேலையில் பதினேழு வருடம் இருந்தவர் அவர். பத்துப் பன்னிரண்டு ஆட்களை வைத்துக் கல் பரப்பி, தண்ணீர் அடித்து, இடித்து, உருட்டி ஒரு ரோட்டை முடித்துக் கொடுப்பார். அதிர்ந்து பேசமாட்டார். வேலை பிழையாகப் போனால் மட்டும் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். தொப்பி கீழே போனால் ஆட்கள் தாமாகவே பரப்பிய கல்லைக் கிளறத் தொடங்கிவிடுவார்கள்.

1935ஆம் ஆண்டு ஆனி மாத மழையில் அவருடைய இடது கால் போனது. கிராண்ட்பாஸ் பக்கத்தில் ஒரு சரிவான ரோட்டில் வேலை. கருங்கல் ஏற்றி வந்த கரத்தையின் மாடு சேற்றில் வழுக்கி முழங்காலிட, வண்டி குடைசாய்ந்தது. கீழ்ப்பக்கம் நின்ற ஒஸ்வால்ட்டின் காலில் பாரம் முழுதும் இறங்கியது. கரத்தைக்காரர் ஜாபிர், தோள் எலும்பு விலகுமளவுக்கு வண்டிச் சில்லைத் தூக்கி அவரை வெளியே எடுத்தார். அதே கரத்தையில் கிடத்தி, தன் சாறத்தைக் கிழித்துக் கட்டுப்போட்டு, பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினார். உயிர் தப்பியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒஸ்வால்ட்டுக்கு வேலை இல்லை. கக்கத்தில் ஊன்றுகட்டை வைத்து நடக்கப் பழகினார். மனைவி மதலேனாள் இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வீட்டைக் கொண்டுபோனாள். விடிய நாலரைக்கு எழும்புவாள். ஒஸ்வால்ட் வாங்குப் பலகையில் இருந்து இடியப்ப உரலைப் பிழிந்து கொடுப்பார். அவருடைய கைப்பலத்துக்கு மா கம்பிபோல் இறங்கும். “உங்கட கை இல்லாட்டி எனக்கு இவ்வளவு அவிக்க ஏலாது” என்று மதலேனாள் சொல்வாள். அவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் அவள் கணக்காகத்தான் சொன்னாள். அவருக்கு அது விளங்க வெகுநாள் எடுத்தது.

1937 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஜாபிர் வந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர் வருவது வழக்கம். ஒஸ்வால்ட் அவரை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்பார். ஒரு சீப்பு வாழைப்பழமோ ஒரு துண்டு கருவாடோ கையில் இருக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு, அவசரமாக வந்தார்.

“ஒஸ்வால்ட், வெள்ளவத்தையில ஒரு வேல ஈக்கிது. அலவி ஹாஜியார்ட ஊடு. கேற்றில இருந்து போட்டிக்கோ மட்டும் பாதை போடோணும்.”

“நான் எப்பிடி, நானா? இந்தக் காலோட மண்வெட்டி பிடிக்க ஏலுமே?”

“ஒன்னய மண்வெட்டி புடிக்கவா கூப்புட்டன்? பதினேழு வருஷமா நீ என்னத்தப் புடிச்சாய்? தொப்பியத்தானே!”

உள்ளேயிருந்து மதலேனாள் சிரித்துவிட்டாள். ஒஸ்வால்ட்டுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டுக் கனகாலம்.

மறுநாள் இருவரும் கிராண்ட்பாஸில் ட்ராம் ஏறிக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்குப் போனார்கள். ரயிலில் ஜாபிர் கடலைப் பார்த்தபடியே பேசினார்.

“என்ட மாடுதான் ஒன்ட காலக் கொண்டுபோன. எனக்கு அது மறக்கிற இல்ல.”

“மாடு கொண்டுபோனது கால் நானா. நீங்கள் கொண்டுவந்தது என்னை” என்றார் ஒஸ்வால்ட். “ஆஸ்பத்திரியில டொக்டர் சொன்னவர், இன்னும் கால் மணித்தியாலம் சுணங்கியிருந்தால் ஆள் இல்லையெண்டு. இதை நான் முந்தியே உங்களிட்டைச் சொல்லியிருக்க வேணும். இரண்டு வருஷம் என்ர துக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்திட்டன்.”

ஜாபிர் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். 

அலவி ஹாஜியாருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. பங்குனியில் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. கடையை மனைவி றஸ்மியாவின் தம்பி ஸவாஹிர் பார்த்துக்கொண்டார். கோட்டையில் ஒரு கம்பனிக் கடையிலிருந்து, உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற சில்லுக் கதிரை ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் வெள்ளவத்தை நிலம் கடல் மணல். வீட்டு முகப்புப் போட்டிக்கோவிலிருந்து கேற்றுக்கு நாற்பது யார் தூரம். சில்லு இரண்டு முழம் உருண்டதும் புதைந்துவிடும். யாரோ ஒரு கொந்தராத்துக்காரன் வந்து ஆற்றுக் கூழாங்கல்லை மணலுக்கு மேலே கொட்டிப் பரப்பிவிட்டுப் போனான். பார்க்க வெள்ளை வெளேரென்று வடிவாக இருந்தது. கதிரை அதில் ஏறிய அன்றே சரிந்து ஹாஜியார் விழப் பார்த்தார். அதற்குப் பிறகு கடை ஆட்கள் நாலு பேர் வந்து அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார்கள். இரண்டு தரம் அப்படிப் போனவர், மூன்றாம் தரம் கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மறுத்துவிட்டார். மூன்று மாதமாக வெளியே இறங்கவில்லை.

ஒஸ்வால்ட் கேற்றைத் தாண்டிக் கூழாங்கல்லில் கட்டையை ஊன்றினார். கட்டை நாலு விரல் இறங்கியது. இன்னொரு இடத்தில் ஊன்றினார். அங்கும் அப்படித்தான். வெராந்தாவில் கதிரையில் இருந்த ஹாஜியார் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸவாஹிர் முன்னால் வந்தார். இளந்தாரி, நல்லவர், ஆனால் பொறுமை குறைவு. “இவரா பாதை போடப் போறாரு?” என்று ஜாபிரைக் கேட்டார். “நடக்கவே கஷ்டப்படுறாரு மனிசன்.”

ஒஸ்வால்ட் கோபிக்கவில்லை. ஹாஜியாருக்கு முன்னால் போய் நின்றார்.

“ஹாஜியார், இது முழுக்க அள்ளியெறிய வேணும். ஒரு அடி ஆழத்துக்கு மணலையும் வெட்டியெடுக்க வேணும். உருண்டைக் கல் ஒண்டையொண்டு பிடிக்காது. மணலுக்கு மேல என்ன போட்டாலும் கீழ போய்க்கொண்டுதான் இருக்கும். இரண்டு கால் உள்ளவனுக்கு அது தெரியாது. என்ர கட்டைக்குத் தெரியுது, உங்கட சில்லுக்குத் தெரியுது.”

ஹாஜியார் அவருடைய ஊன்றுகட்டையைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி ஸவாஹிரைச் சற்று விலகும்படி காட்டினார். பிறகு குழறலோடு, ஒவ்வொரு சொல்லாக, “இவரு... போடட்டும்” என்றார்.

அப்போது யன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. றஸ்மியா.

“கங்காணியார், ஒரு விஷயம் செல்லோணும். நாலு பேர் வந்து தள்ளுற பாதை எங்களுக்கு வேணாம். நான் ஒருத்தி தள்ளினா கதிர போகோணும். அப்பிடி ஏலுமா?”

ஒஸ்வால்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “ஏலும் உம்மா” என்றார். 

அடுத்த திங்கட்கிழமை வேலை தொடங்கியது. பழைய ஆட்களில் இரண்டு பேரும், வெள்ளவத்தையிலேயே பிடித்த இரண்டு சிங்கள ஆட்களும். பாதையின் இரு ஓரமும் நூல் கட்டி, மணலை ஓர் அடிக்கு வெட்டி எடுத்தார்கள். மணல் சரிந்து மூடாமல் இருக்க ஓரங்களில் கபுக் கல்லை, அந்த ஊர்ச் செம்புரைக் கல்லைத்தான், வரிசையாகப் புதைத்தார்கள். அடியில் கை அகலக் கருங்கல், அதற்கு மேல் உடைத்த சிறுகல், எல்லாவற்றுக்கும் மேல் கிறவல் என்கிற செஞ்சரளை மண்.

கிறவல் ஜாபிருடைய பொறுப்பு. கடவத்தைப் பக்கத்துக் குழியிலிருந்து களனி ஆற்றைக் கடந்து கொண்டுவர வேண்டும். விடியப் புறப்படும் கரத்தை வெயிலேறித்தான் வெள்ளவத்தை வந்து சேரும். முதல் பாரம் வந்ததும் ஒஸ்வால்ட் ஒரு பிடி எடுத்து நனைத்து உள்ளங்கையில் இறுக்கினார். கையைத் திறந்தபோது அது சேறுபோல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“களி கூடிப்போச்சு நானா. மழைக்குக் கரையும்.”

ஜாபிர் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பாரத்தைப் பூச்செடிப் பக்கம் கொட்டிவிட்டு, அடுத்த நாள் குழியில் தானே இறங்கி நின்று வேறு அடுக்கில் வெட்டுவித்துக் கொண்டுவந்தார். அது உருண்டையாகப் பிடித்தது, கையில் ஒட்டவில்லை, பிளந்து பார்த்தால் உள்ளே கல் முகம் காட்டியது. ஒஸ்வால்ட் அந்த உருண்டையை வெராந்தாவுக்குக் கொண்டுபோய் ஹாஜியாரின் இடது கையில் வைத்தார். ஹாஜியார் அதை அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாரத்திலும் ஒரு பிடி அவருடைய கைக்குப் போனது. இரண்டு பாரத்தை அவர் உதட்டைப் பிதுக்கித் திருப்பி அனுப்பவும் செய்தார். இரண்டாவது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒஸ்வால்ட் திருப்பி அனுப்பினார். ஜாபிர் அதற்கு மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்.

நாலு விரல் கனத்துக்கு ஒரு அடுக்கு பரப்பி, தண்ணீர் தெளித்து, இடிகட்டையால் இடித்து, பிறகு உருட்ட வேண்டும். உருளைக்கு எங்கே போவது? அடுத்த வளவில் வழக்கறிஞரான புரொக்டர் வீட்டில் டெனிஸ் விளையாடுகிற தரை இருந்தது. அதற்கு உருட்டுகிற கல் உருளையை ஸவாஹிர் தாமே போய்க் கேட்டு வாங்கி வந்தார். மூன்றாம் வாரம் வரும்போது அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டு உருளை இழுக்கிறவராகிவிட்டார்.

நடுப்பகுதி சற்று உயர்ந்து, தண்ணீர் இரு பக்க வடிகால் கானுக்கும் வழிகிற மாதிரி பாதை உருவாகி வந்தது. கடைசி அடுக்கு பரப்பி முடிந்த மாலையில் ஒஸ்வால்ட் ரயிலேறிப் போனார். மறுநாள் விடிய முன்னமே வானம் பிளந்துகொண்டது. கொட்டாஞ்சேனை ஓடுகளில் மழை அடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி அவர் இடியப்பம் பிழிந்தார். அடிக்கடி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“ரோட்டு வேலையில மழையைப் பாக்காத ஆளே நீங்கள்?” என்று மதலேனாள் கேட்டாள். “போங்கோ, போய்ப் பாருங்கோ. மிச்சத்தை நான் பிழியிறன்.”

அவர் போனபோது மழை விட்டிருந்தது. கேற்றிலிருந்து முப்பது யார் தூரத்துக்குப் பாதை கழுவிவிட்டது போல் இறுகி நின்றது. போட்டிக்கோவுக்குக் கிட்டத்தான் அழிவு. கிறவலை அரித்துக்கொண்டு ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டு, குறுக்காக ஓடிக் கானைத் தூர்த்திருந்தது. ஒஸ்வால்ட் தொப்பியைக் கழற்றி ஈரத் தரையில் வைத்தார். இந்தத் தரம் அது தனக்காகத்தான்.

அவருக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. பதினேழு வருடமாக அவர் போட்ட ரோடுகளுக்கு மேலே கூரை இருந்ததில்லை. வீட்டுக் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே மூலையில் வந்து விழும் என்பதை அவர் நினைக்கவேயில்லை.

வெராந்தாவுக்குப் போய், “ஹாஜியார், பிழை என்னிலதான். மழையில இல்லை, ஆட்களில இல்லை. திருப்பிச் செய்யிறன். உங்களுக்கு என்னில நம்பிக்கை இல்லையெண்டால் வேற ஆளைப் பாருங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்” என்றார்.

ஹாஜியார் மடியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். கடைக் கலண்டர்த் தாளின் பின்பக்கம். அதில் பென்சிலால், இடது கையின் நடுங்குகிற கோடுகளில், வீட்டின் முன்பக்கம் வரைந்திருந்தது. கூரையிலிருந்து எங்கே தண்ணீர் விழுந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, எங்கே தேங்கியது என்று அம்புக்குறிகள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகையிலிருந்து மழை விடும் வரைக்கும் வெராந்தாவில் இருந்து பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்.

“ரெண்டு இடம்” என்றார் ஹாஜியார். “ஒண்டு... நீங்க கண்டீங்க. மத்தது... காணல்ல.”

அவர் காட்டிய இரண்டாவது இடம் மல்லிகைப் பந்தலுக்குக் கீழே இருந்தது. அங்கே தண்ணீர் இன்னும் மண்ணை வெட்டவில்லை, உள்ளே ஊறத் தொடங்கியிருந்தது. இன்னொரு மழைக்கு அதுவும் போயிருக்கும்.  திட்டு வாங்கத் தயாராக வந்தவருக்குக் கையில் ஒரு படம் கிடைத்திருந்தது.

“இஞ்சினியர்மாரும் எனக்கு இப்பிடி ஒரு பிளான் தந்ததில்லை ஹாஜியார்” என்றார்.

ஹாஜியாரின் முகம் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. யன்னலுக்குப் பின்னால் றஸ்மியா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பங்குனிக்குப் பிறகு அவர் சிரித்ததை அவள் அன்றைக்குத்தான் கண்டாளாம்.

கூரைத் தண்ணீருக்குத் தகரப் பீலி பூட்டினார்கள். அது இறங்குகிற இரண்டு இடத்திலும் குழி தோண்டி, அள்ளிக் குவித்திருந்த கூழாங்கல்லை அதற்குள் நிரப்பினார்கள். தண்ணீர் அதற்குள் விழுந்து சத்தமில்லாமல் மணலுக்குள் போய்விட்டது. வெட்டுண்ட இடத்தை அடிக்கல் வரை கிளறி மறுபடியும் அடுக்கினார்கள். அதற்கு மேலும் ஒன்பது நாள் எடுத்தது.

ஒப்படைக்கிற நாளுக்கு முதல் நாள், ஒஸ்வால்ட் சில்லுக் கதிரையைக் கேட்டு வாங்கினார். ஹாஜியாரின் எடைக்குக் கணக்காக ஒரு மூட்டை அரிசியை அதில் ஏற்றினார். ஒரு கையில் ஊன்றுகட்டை, மறு கை கதிரையில். ஆட்கள் உதவிக்கு வந்தபோது, “தள்ளி நில்லுங்கோ” என்றார். ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போட்டிக்கோவிலிருந்து கேற்று வரை போனார். வளைவில் ஒரு இடத்தில் சில்லு இழுத்தது. அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டுத் திரும்பவும் உருட்டச் சொன்னார். இரண்டாம் தரம் இழுக்கவில்லை. கட்டையின் நுனி எங்கும் இறங்கவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

யன்னல் பக்கம் திரும்பி, “உம்மா, ஒரு கை போதும்” என்றார்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு றஸ்மியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெராந்தாவுக்கு வந்தாள். ஒஸ்வால்ட் அவளை அன்றுதான் நேரில் பார்த்தார். கதிரையின் பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். முதலில் பயந்து பயந்து, பிறகு சாதாரணமாக. கிறவலில் சில்லு அரைபடுகிற மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. ஸவாஹிர் கூடவே போகப் பார்த்தார். ஜாபிர் அவருடைய தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். கேற்றுக்குப் போன இருவரும் ரோட்டைப் பார்த்தபடி நின்றார்கள். ரிக்‌ஷா ஒன்று போனது. ரொட்டி விற்கிற பாண்காரன் ஒருவன் ஹாஜியாரைக் கண்டு சைக்கிளை நிறுத்தி ஸலாம் சொன்னான். புருசனும் பெண்சாதியும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. திரும்பி வர அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது.

வந்ததும் ஹாஜியார் இடது கையை நீட்டி ஒஸ்வால்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அந்த ஒரு சொல்லில் குழறலே இருக்கவில்லை.

“நான்தான் நன்றி சொல்ல வேணும் ஹாஜியார்” என்றார் ஒஸ்வால்ட். “ஒருத்தரும் என்னிட்ட வேலை கேக்காத காலத்தில நீங்கள் கேட்டனீங்கள்.”

றஸ்மியா ஒரு பெரிய பாத்திரத்தில் தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பம் கட்டிக் கொடுத்தாள். “ஒங்கட பொம்புளக்கிக் குடுங்க. அவ ஒங்கள ஒவ்வொரு நாளும் விடிய அனுப்பி வெச்சதால தானே எங்கட வேல முடிஞ்ச” என்றாள். இது எப்படி அவளுக்குத் தெரியும் என்று ஒஸ்வால்ட் ஜாபிரைப் பார்த்தார். ஜாபிர் மாட்டின் கழுத்துக் கயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்தப் பாதையைப் பார்த்துப் புரொக்டர் கூப்பிட்டார். புரொக்டருடையதைப் பார்த்து பம்பலப்பிட்டியில் ஒரு டொக்டர். இரண்டு வருடத்துக்குள் ஒஸ்வால்ட்டிடம் ஒன்பது ஆட்கள் வேலை செய்தார்கள், ஜாபிரிடம் ஐந்து கரத்தைகள். வத்தளையில் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் கால் மைல் நீளப் பாதை போட்டபோது முனிசிப்பல் இஞ்சினியர் ஒருவரே வந்து பார்த்துவிட்டுப் போனார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒஸ்வால்ட் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். மழை நாளில் அந்த வீட்டில் யார் அதிகம் வெராந்தாவில் இருப்பது என்று விசாரித்து, அவர்களிடம் போய்த் தண்ணீர் எப்படி ஓடும் என்று கேட்பார். பெரும்பாலும் அது ஒரு கிழவராகவோ பிள்ளைத்தாய்ச்சியாகவோ இருக்கும். அவர்கள் சொன்னது ஒருநாளும் பிழையானதில்லை என்பார்.

மதலேனாள் இடியப்பத்தை விடவில்லை. “உங்கட வேலை மழையோட நிக்கும், என்ர வேலை நிக்காது” என்றாள். அதுவும் சரிதான் என்று ஒஸ்வால்ட் தொடர்ந்து விடிய எழும்பி உரல் பிழிந்தார். யுத்த காலத்தில் அரிசி மாவுக்குத் தட்டுப்பாடு வந்து, கோதுமை மாவில் அவிக்க வேண்டி வந்தபோது அவருடைய கைப்பலம் இன்னும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

பொழுதுபட்டுச் சாப்பிட உட்காரும்போது ஒஸ்வால்ட் சிலுவை அடையாளம் போட்டு, தனக்கு நன்மை செய்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஜாபிர் நானா, ஹாஜியார், றஸ்மியா உம்மா, ஸவாஹிர், உருளை தந்த புரொக்டர், காலை எடுத்த டொக்டர், கடவத்தைக் குழிக்காரன் என்று அது நீண்டுகொண்டே போகும். வருடத்துக்கு வருடம் பேர்கள் கூடின. ஒருநாள் மதலேனாள் பொறுக்காமல் ஒரு கண்ணைத் திறந்தாள்.

“எல்லாரையும் சொல்லுங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ. சொதி ஆறுது.”

“உன்ர பேர் கடைசியில வருது. அதுக்குள்ள அவசரப்பட்டால் எப்பிடி?”

“அப்ப என்னை முதல்ல சொல்லிப்போட்டுச் சாப்பிடுங்கோ” என்று அவள் இடியப்பத்தை அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள்.

அன்றிலிருந்து அவர் அவளைத்தான் முதலில் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார்கள்.